குழம்பு ஊற்றும் தமிழ்

நேற்று சாயங்காலம் காய்கறிப் பையோடு டாக்குரியா பாலத்தடியில் திரும்பும்போது சாத்திம் பூத்த வாசனை வந்து முகத்தில் மோதியது. தமிழ்ப் புத்தகங்களில் அதை ஏழிலைப்பாலை என்று போட்டிருப்பார்கள். இந்த வங்காள ஊரிலேயே பிறந்து வளர்ந்த உனக்கும் எனக்கும் அது சாத்திம்தான். துர்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள், மூங்கில்கள் மட்டும் நடைபாதையோரம் கிடக்கின்றன. காற்றில் லேசாகப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த வாசனைக்குள் நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி, "மாஷிமா, சொப்னோ தேக்சேன் நாகி?" என்றார். கனவு காண்கிறீர்களா சித்தி என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையசைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

உனக்கு அந்த வாசனையே ஆகாது. நம் வகுப்பு நடந்த பழைய வீட்டின் வாசலில் ஒரு சாத்திம் மரம் நின்றதே, அதைக் கடக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சவத்த இங்கன எவன் நட்டான்?" என்று வைதபடியே மாடி ஏறுவாய். நான் வேண்டுமென்றே மரத்தடியில் நின்று மூச்சை இழுத்துக் காட்டுவேன். இரண்டு பேருக்கும் சேர்த்து வயது நூறுக்கு மேல். சின்னப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொண்டோம், வெட்கமே இல்லாமல்.

நான் அந்த வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். என் கணவர் படுக்கையில் கிடந்தபோது டாக்டர்கள் சுற்றி நின்று பேசினார்கள், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கிரியாட்டினின் என்றார்கள், தலையாட்டினேன். செப்சிஸ் என்றார்கள், அதற்கும் தலையாட்டினேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அவருக்கு என்ன ஆயிற்று என்று மகள் கேட்டாள். என்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் எதனால் போனார் என்றே தெரியாத பெண்டாட்டி. அந்த எரிச்சல் ஆறவே இல்லை. அதனால்தான், மனித உடலையும் நோய்களையும் பற்றிய அறிமுகப் படிப்பு, யாரும் சேரலாம், வயது தடையில்லை என்று ஒரு சுவரொட்டியைப் பார்த்ததும் நேரே மாடி ஏறிவிட்டேன்.

மழைக்காலம் அது. பச்சை வண்ணம் உரிந்த மரச்சட்ட ஜன்னல்கள், தலைக்கு மேலே முனகிக்கொண்டு சுற்றும் காற்றாடி. பெஞ்சு முழுக்க ஆஸ்பத்திரி வேலைக்கும் லேப் வேலைக்கும் போக நினைக்கும் வங்காளிப் பையன்களும் பெண்களும். மிஸ் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆசிரியைக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாதி இங்கிலீஷ், பாதி பெங்காலியில் செல்லின் உள்ளமைப்பை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து தெளிவான திருநெல்வேலித் தமிழில் ஒரு குரல் முணுமுணுத்தது: "எழவு, இத்தன சாமான வச்சிக்கிட்டா இது கண்ணுக்கே தெரியாம இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பலகையை முறைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். இடைவேளையில் நானே வந்து பேசினேன். கிடர்பூரில் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஜாம்ஷெட்பூரில் ஒரு தம்பி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டேன்.

"அம்பத்தெட்டு வருசமா இந்த ஒடம்புல குடியிருக்கேன். உள்ள எத்தன ரூம் இருக்குன்னு ஒரு தடவகூடப் பாத்ததில்ல. வீட்டக் காலி பண்ணுததுக்கு முன்னால பாத்துருவோம்னு வந்தேன்" என்றாய்.

நான் உன்னை அக்கா என்று கூப்பிடப் போனேன். "அக்கா கிக்கான்னா எந்திரிச்சுப் போயிருவேன். ஒரே பெஞ்சுல உக்காருதவளுக்கு என்ன மரியாத? நீன்னு சொல்லு" என்று அதட்டினாய். அன்றிலிருந்து நீ எனக்கு நீதான்.

வகுப்பு முடிந்ததும் லேக் பக்கம் நடப்போம். மரங்களுக்கு அடியில் ஈரம், தண்ணீரில் துடுப்புப் படகுகள் ஓசையில்லாமல் நழுவிப் போகும். மண் குவளையில் டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், நீ பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுவாய். மிஸ் சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை. பெங்காலியில் சொன்னேன், அதற்கும் உதட்டைப் பிதுக்கினாய்.

"இங்கிலீசு பரீட்சைக்கு ஆவும். பெங்காலி அந்த நேரத்துக்கு வெளங்கும். வீட்டுக்குப் போனதும் ரெண்டும் போயிருதுட்டி. சோத்துக்குக் கொழம்பு ஊத்தும்போது பேசுதோம்லா, அந்தத் தமிழ்ல சொல்லு. சொல்ல வரலேன்னா உனக்கு அது தெரியாதுன்னு அர்த்தம்."

அது நம் சட்டமாகிவிட்டது. அடேயப்பா, என்ன பாடு! சர்க்கரை வியாதியைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைசியில், "சக்கரை ரத்தத்துல வந்து நிக்குது. செல்லு கதவைத் திறக்க மாட்டேங்குது. வாசல்ல மூட்டை மூட்டையா அரிசி, உள்ளே பிள்ளைங்க பட்டினி" என்றேன். நீ டீயைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாய். வீக்கம் ஏன் வருகிறது என்பதை நீ சொன்னாய்: "அடிபட்ட எடத்துக்கு ஒத்தாசைக்கு ஆள் வருது. ஒத்தாசைக்கு வந்த கூட்டத்துலயே அந்தத் தெரு அடச்சுப் போவுது." எங்கள் வீட்டில் யார் கையைச் சுட்டுக்கொண்டாலும் எனக்கு இன்றைக்கும் உன் தெருதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த நாட்களில் எனக்கு விசித்திரமான கனவுகள் வரும். ஒரு கனவில் நாம் இரண்டு பேரும் ஒரு ரத்தக் குழாய்க்குள் நடந்துகொண்டிருந்தோம். வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக, எங்கும் ஒரு மெல்லிய வெளிச்சம். கணுக்காலளவு வெள்ளம், நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாய். பக்கத்தில் சிவப்பணுக்கள் அவசரமே இல்லாமல் மிதந்து போயின. தூரத்தில் எங்கேயோ இதயம் அடிக்கும் ஓசை கேட்டது, அடிக்கும்போதெல்லாம் தரை லேசாக அசைந்தது. இதை நான் உன்னிடம் சொன்னபோது, "டிக்கெட் எடுத்தியாட்டி?" என்று கேட்டாய். அப்புறம் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கும் அப்பிடி ஒரு கனா வரணும்" என்றாய்.

படிக்கிறவர்களுக்கெல்லாம் வரும் பைத்தியம் நமக்கும் வந்தது. மிஸ் எந்த நோயை நடத்தினாலும் அந்த வாரம் முழுக்க நமக்கு அந்த நோய். ரத்தசோகை வாரத்தில் பஸ்ஸிலேயே ஒருவர் கண் இமையை ஒருவர் இழுத்துப் பார்த்தோம். கல்லீரல் வாரத்தில் நீ மஞ்சளாகிவிட்டாய் என்று நீயே அறிவித்தாய். தைராய்டு வாரத்தில் கரியாஹாட்டில் ஒரு நகைக்கடைக் கண்ணாடி முன்னால் நின்று, கழுத்தை நீட்டி நீட்டித் தண்ணீர் விழுங்கிப் பார்த்தாய். நெக்லஸ் பார்க்கிறாய் என்று நினைத்துக் கடைக்காரர் ஓடி வந்து உள்ளே கூப்பிட்டார். "கட்டி இருக்கான்னு பாக்கேன்யா, ஒன் சங்கிலிய எவன் கேட்டான்" என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தாய். பாலம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். மிஸ்ஸிடம் புதுப் பாடம் தொடங்கும்போதெல்லாம் நீ கையைத் தூக்கி, "மிஸ், எனக்கு இது இருக்கு" என்பாய். வகுப்பே காத்துக்கொண்டிருக்கும் அதற்கு.

பூஜை விடுமுறை முடிந்து வகுப்பு திறந்தபோது சாத்திம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நீ இருமிக்கொண்டே மாடி ஏறினாய். நடுவில் இரண்டு தடவை நின்றாய். "எல்லாம் இந்த மரத்தால வருது" என்றாய். அன்றைக்கு நுரையீரல் பாடம். மூச்சுக் குழாய்கள், காற்றறைகள், எல்லாம் முடித்துவிட்டு மிஸ் ஒரு சின்னச் சோதனை சொல்லிக்கொடுத்தார். இரண்டு கை மோதிர விரல்களின் நகங்களையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல விரல்களென்றால் நகங்களின் அடியில் வைரக்கல் வடிவத்தில் ஒரு சின்னச் சந்து தெரியும். நாள்பட்ட சில நுரையீரல் நோய்களில் விரல் நுனி பருத்து நகம் வளைந்துவிடும், சந்து மூடிப்போகும். வகுப்பு முழுக்க ஜன்னல் பக்கம் கையைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தது. என் விரல்களுக்கிடையில் ஐப்பசி மாத வெளிச்சம் ஒரு பொட்டளவு தெரிந்தது.

"மாஷிமா, ஆப்னார் ஆச்சே?" என்று பிள்ளைகள் உன்னைப் பார்த்துக் கேட்டார்கள். உங்களுக்கு இருக்கிறதா என்று. நீ கைகளைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாய்.

"இல்ல. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாய்.

உலகத்தில் உள்ள அத்தனை வியாதியையும் கைதூக்கி வாங்கிக்கொண்டவள், இதை மட்டும் வேண்டாம் என்கிறாள். பிள்ளைகள் ஏமாந்துபோய்ச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நீயும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

லேக் பெஞ்சில் உட்கார்ந்ததும், "கையைக் காட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டேன்."

நீட்டினாய். நானே உன் விரல்களைச் சேர்த்து வைத்து, தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். சந்து இல்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். படகுக்காரர்கள் என்னவோ கத்திக்கொண்டு போனார்கள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாலயே. நகம் வெட்டும்போது பாத்தேன், கிளி மூக்கு மாதிரி வளையுதேன்னு. வயசுக் கோளாறுன்னு நெனச்சேன். இன்னைக்கு மிஸ் சொன்ன பொறவுதான் வெளங்குச்சு." இருமி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "டாக்டர்ட்டப் போவோம். ஆனா ஒரு கண்டிசன். அவரு என்ன சொன்னாலும் எங்கிட்டக் கொழம்பு ஊத்துத தமிழ்ல சொல்லணும். சக்கர போடக் கூடாது. சரின்னு சொல்லு."

சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்கேன், பயாப்சி என்று குளிர்காலம் வந்துவிட்டது. ஜாம்ஷெட்பூரிலிருந்து உன் தம்பி வந்திருந்தான். உன்னைவிட ரொம்பச் சின்னவன், அம்மா போன பிறகு நீதான் அவனுக்கு எல்லாம். ஆஸ்பத்திரியில், "பேஷண்ட் பார்ட்டி" என்று கூப்பிட்டார்கள். இந்த ஊரில் நோயாளிக்குச் சொந்தக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், என்னவோ ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மாதிரி. உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான், மெதுவாகத்தான் பேசினார். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய், கல்லீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துபோவார்" என்றார் டாக்டர். அவரும் பழக்கத்தைத்தான் சொன்னார், இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

வெளியே வந்ததும் உன் தம்பி தாழ்வாரத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அக்கா, உங்க கால்ல விழுதேன். அவகிட்டச் சொல்லிராதீங்க. அவ தைரியசாலின்னு எல்லாரும் நெனைக்காங்க, உள்ளுக்குள்ள தாங்க மாட்டா. சளி கட்டியிருக்குன்னு சொல்லிருவோம்." கண்ணெல்லாம் சிவந்து, கெஞ்சிக்கொண்டு நின்றான். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நீ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவனுக்கு வாக்குக் கொடுக்காமல் கையை விடுவித்துக்கொண்டேன். நீ ஒன்றும் கேட்கவில்லை என்ற சாக்கில் அன்றைக்கு உன்னிடம் எதையும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் கிடர்பூருக்கு வந்தேன். வழி முழுக்க பஸ்ஸில் வாக்கியங்களைக் கட்டிக் கட்டிக் கலைத்தேன். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். நீ சமைத்து வைத்திருந்தாய். "முதல்ல உக்காரு, சாப்பிடு" என்று தட்டைப் போட்டு, சோற்றை வைத்தாய். முருங்கைக்காய்க் குழம்பு. கரண்டியை எடுத்து ஊற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

"இப்பச் சொல்லு. கொழம்புதான் ஊத்துதேன்."

படுபாவி. வேண்டுமென்றே செய்தாய். தெருவில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

"சொல்லுட்டி."

சொன்னேன். "உன் நெஞ்சுல ஒரு செல்லு தன் வேலையை மறந்துபோச்சு. போதும், நில்லுன்னு உடம்பு சொல்றது அதுக்குக் கேக்கலை. ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, இப்போ கல்லீரல்லயும் எலும்புலயும் போய்க் குடியேறிடுச்சு. வெட்டி எடுக்க முடியாது. மருந்து குடுத்தா கொஞ்சம் மெதுவாப் போகும். நிக்காது."

"நிக்காது."

"நிக்காது."

"எத்தன நாளு?"

"அது டாக்டருக்கே தெரியாது. வருஷக்கணக்குல இருக்காது."

நீ கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாய். மூடியை எடுத்து மூடினாய். எதிரில் வந்து உட்கார்ந்தாய். "தப்பில்லாமச் சொல்லிட்ட. மிஸ்கூட இப்பிடிச் சொல்ல மாட்டா" என்றாய். அப்புறம்தான் அழுதாய். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நானும் எச்சில் கையோடு அழுதேன். முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டவள் நீதான்.

"தின்னுட்டி. சாகப் போறவ நான்லா. நீ எதுக்குப் பட்டினி கெடக்க?"

நெஞ்சில் கோளாறு என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து வங்காளிகள் எல்லோரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். நம்மைப் பார்த்தாலே இந்த ஊருக்கு வேலூர் ஞாபகம்தானே வரும். அங்கே ரூம் கிடைக்குமா, இட்லி ஒத்துக்கொள்ளுமா என்று எத்தனை பேர் நம்மைக் கேட்டிருப்பார்கள். நீ போக மறுத்தாய். "நீ பொய் சொல்லியிருந்தேன்னா ரயிலேறியிருப்பேன். தெரிஞ்ச பொறவு எதுக்கு அலையணும்? எனக்குப் பாக்கிப் பாடம் இருக்கு" என்றாய். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாய். முடிந்த நாளெல்லாம் டாக்சி பிடித்து வகுப்புக்கு வந்தாய், மாடிப்படியில் பிள்ளைகள் நாற்காலியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகாராணி மாதிரி கையசைத்துக்கொண்டு போவாய், என்ன திமிர் உனக்கு!

அந்த ஒரு மத்தியானத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். புற்றுநோய்ப் பாடம். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடுகள் வைத்திருந்தார்கள். உன்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று மிஸ் தவித்துக்கொண்டு நின்றார். நீயே எழுந்து போனாய். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்தாய். ஜன்னல் சட்டங்களின் வழியாக மாசி மாத வெயில் கோடு கோடாக உன் முதுகில் விழுந்திருந்தது. வெளியே ரயில் ஒன்று போய் ஓய்ந்தது. நீ நிமிரவே இல்லை.

"ஏட்டி, இங்க வா" என்றாய் கடைசியில். "அழகா இருக்குட்டி."

நானும் பார்த்தேன். ரோஜாவும் ஊதாவுமாக ஒரு சின்ன உலகம். வரிசை கலைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக, பெரிசும் சிறிசுமாகச் செல்கள்.

"சண்டாளி, எவ்வளவு அழகா இருக்கா பாரு. பேய் மாதிரி இருப்பான்னு நெனச்சேன். இது வழி தெரியாமச் சுத்துத கூட்டம்லா" என்றாய். மிஸ் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, "மிஸ், எனக்கு இது இருக்கு" என்றாய். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, உன்னைத் தவிர.

வீட்டில் மட்டும் நீ வேறொரு ஆள். தம்பி வரும்போதெல்லாம், "சளிதான்க்கா, வெயில் வந்தா கரைஞ்சிரும்" என்பான். நீ, "ஆமாலே, வெயில் வரட்டும்" என்று சிரிப்பாய். அவன் தன் ஆபீஸ் பிரயாணங்களைப் பற்றி ஏதாவது கதை விடுவான், நீ இருமல் வர வரச் சிரிப்பாய். அவன் அந்தப் பக்கம் போனதும் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாய்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல், "அவன்கிட்டயும் சொல்லிடேன்" என்றேன்.

"தாங்க மாட்டான். எங்கிட்ட மறச்சிட்டோம்னு ஒரு தெம்புலதான் நடமாடுதான், அதயும் புடுங்கணுமா? நல்ல வேள, நீ பொய் சொல்லல. சொல்லியிருந்தா ரெண்டு பேரு முன்னாலயும்லா வேசம் போடணும்? இவன் ஒருத்தனுக்கு நடிக்கதுக்கே மூச்சு வாங்குது." கொஞ்சம் நிறுத்தி, மூச்சை வாங்கிக்கொண்டு சொன்னாய்: "நான் போன பொறவு அவனாக் கேட்டாச் சொல்லு. கேக்காட்டா விட்டுரு."

வெயில் வந்தது. கரையவில்லை. கடைசி வாரத்தில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதை நீயே எனக்குத் தமிழில் விளக்கினாய், பாதியில் நிறுத்தி நிறுத்தி. ஒரு காலை, ஜன்னலுக்கு வெளியே மணிக்கூண்டுகள் வைத்த பழைய துறைமுகக் கிடங்குகளைப் பார்த்துக்கொண்டு, "பயமாருக்குட்டி" என்றாய். "எனக்கும்" என்றேன். அதற்கு மேல் சொல்ல நம்மிடம் பாடம் இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பருத்த விரல் நுனிகளோடு. மழை தொடங்கும் முன்பு போய்விட்டாய்.

பரீட்சையை நான் தனியாக எழுதினேன். புற்றுநோய் உடலில் எப்படிப் பரவுகிறது என்று ஒரு கேள்வி வந்தது. கை இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தது, உதடு தமிழில் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். பாஸாகிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் ஆளில்லை. மகளிடம் மட்டும், அவள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று ஒருநாள் உட்கார வைத்துச் சொன்னேன். சிறுநீரகத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக.

நேற்று அந்த வாசனையோடு வீடு வந்து, காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, போன் அடித்தது. உன் தம்பி. நீ போன பிறகு அவன் என்னோடு சரியாகப் பேசியதே இல்லை. இரண்டு நிமிஷம் தன் மகள் படிப்பைப் பற்றியும் ஜாம்ஷெட்பூர் குளிரைப் பற்றியும் பேசினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றான். "அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவான். அந்த வார்த்தை வாய் வரை வந்ததும் உண்மை. ஆனால் அவன் கேட்டுவிட்டான்.

"தெரியும்பா. டாக்டர் சொன்ன மறுநாளே நான்தான் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்."

"அப்ப நான் சளி சளின்னு சொன்னதெல்லாம்?"

"சளியில்லைன்னு அவளுக்குத் தெரியும். நீ உடைஞ்சு போயிடுவேன்னு உனக்காகத் தெரியாத மாதிரி இருந்தா."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினாலும் நியாயம்தான்.

"அப்ப அவ சிரிச்சது பூரா நடிப்பா?"

இதற்கு எந்த வகுப்பிலும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சக்கரை போடாமல் சொல்ல வேண்டும், ஆனால் உள்ளதைக் குறைக்கவும் கூடாது.

"சளின்னு நம்பினது நடிப்பு. உன் கதைக்குச் சிரிச்சது நெசம். நீ வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாலே அவ முகம் மாறும், நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்."

அவன் உடைந்தான். நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி. அழுகைக்கு நடுவிலேயே, "பாவி மவ, எங்கிட்டயே வேசம் போட்டுருக்காளே" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்புறம் மறுபடியும் அழுதான்.

"வச்சிரட்டுமாக்கா? நீங்க வேலையா இருப்பீங்க."

"ஒரு வேலையும் இல்லை. இரு. இன்னும் ஏதாவது கேக்கணும்னா கேளு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

அவன் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். வலி இருந்ததா, கடைசியில் என்ன சொன்னாள், பயந்தாளா என்று. நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.